ரம்ஜான் பீவி மடித்துத் தைத்த பாய்

என் தம்பி தாஹாவின் மனைவி ரம்ஜான் பீவி எங்கள் வேதாளையில் தையல்காரி. நோன்பு மாதத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறாள். அவள் வீடும் என் வீடும் ஒரே சுவர். மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே, இந்தப் பக்கம் இருந்துகொண்டு, அது சட்டையா பாவாடையா என்று சொல்லிவிடுவேன்.

அவள் தைத்த பாவாடையை யாரும் பார்த்தவுடன் கண்டுகொள்ளலாம். ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்துத் தைத்திருப்பாள். பிள்ளை வளர வளர, வருஷத்துக்கு ஒரு விரல் பிரித்து விடுவாள். பிரித்த இடத்தில் வெளுக்காத நீலம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடுகளை எண்ணிப் பார்த்து, பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று பஸ் கண்டக்டர் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

துணியை வெட்டி எறிவது அவளுக்கு ஆகாது. தொழுகைக்கு முன் ஓடுகிற ஆற்றில் கைகால் கழுவி ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று மதரஸாவில் படித்ததை, அவள் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கழுத்து வெட்டிய வட்டத் துண்டைக்கூட வைத்திருப்பாள். என்றைக்காவது வட்டமாக ஏதாவது தேவைப்படும் என்பாள். பதினெட்டு வருஷமாகத் தேவைப்படவில்லை. ஒரு பை நிறைய வட்டங்கள் இருக்கின்றன.

அந்தப் பதினெட்டு வருஷம்தான் அவளுக்குக் கல்யாணமாகியும். அதில் தாஹா அவளோடு இருந்தது மொத்தம் முப்பத்தொரு மாதம். இது அவளே கூட்டிச் சொன்ன கணக்கு. மீதிக் காலமெல்லாம் அவன் வளைகுடாவில், கடற்கரை ஓட்டல் ஒன்றில் வேலை. வெள்ளைக்காரர்கள் காற்றில் ஓட்டுகிற பாய்ப் பலகைகளுக்குப் பாய் கட்டிக் கொடுப்பது, ஓட்டி முடித்ததும் உப்புப் போகக் கழுவிக் காயப்போடுவது. எல்லாரும் போன பிறகு அந்தப் பலகையில் ஏறித் தானாகப் பழகிக்கொண்டான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அங்கே பறக்கிற பலகை வந்தது. அதையும் பழகிவிட்டான்.

பறக்கிற பலகை என்றால், பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பலகைக்கு அடியில் இடுப்பளவு நீளத்துக்கு ஒரு தண்டு இருக்கும். தண்டின் அடியில் விமானத்துக்கு இருப்பதுபோல ஒரு சின்ன இறக்கை. அதை ஃபாயில் என்கிறார்கள். காற்றில் பாய் இழுத்து வேகம் வந்ததும், தண்ணீருக்குள் இருக்கிற அந்த இறக்கை பலகையை மேலே தூக்கிவிடும். ஆளும் பலகையும் பாயும் தண்ணீருக்கு மேலே முழங்கால் உயரத்தில் சத்தமே இல்லாமல் போகும். முதல் நாள் பார்த்தபோது நான் இரண்டு முறை கலிமா சொன்னேன்.

இதில் ஒரு விஷயம் உண்டு. காற்று கூடக் கூடப் பாயின் அளவு குறைய வேண்டும். இளங்காற்றுக்கு ஏழு எட்டு மீட்டர், அதாவது சதுர மீட்டர், பாய் வேண்டும். ஆடி மாதத்தில் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக்கு மூன்றரை மீட்டர் போதும். அதற்கு மேல் வைத்தால் காற்று ஆளைப் பிடுங்கி எறிந்துவிடும்.

தாஹா இந்த ஆனிக் கடைசியில் ஒன்றரை மாத லீவில் வந்தான். எங்கள் ஊருக்குத் தெற்கேயும் வடக்கேயும் கடல்; வடகடல் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இந்தப் பலகைகளைப் பழக்குகிற இடம் ஒன்று நடக்கிறது. கச்சான் காலத்தில் எங்கள் தென்கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும். வடகடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரிக் கிடக்கும், காற்று மட்டும் அதே வேகத்தில் அடிக்கும். பலகைக்காரர்களுக்கு அதுதான் தோதான இடம். அதன் மேனேஜர் அருள்முருகன் அபிராமம் பக்கத்துப் பையன். வீட்டில் மிளகாய் விவசாயம். கடல் அவனுக்குப் படித்து வந்தது.

வேடிக்கை பார்க்கப் போன தாஹாவை, அவன் "ஓட்டத் தெரியுமாண்ணே?" என்று கேட்டிருக்கிறான். தாஹா ஓட்டிக் காட்டியிருக்கிறான். கரைக்கு வந்தபோது அருள்முருகன் நாற்காலியை எடுத்துப் போட்டிருக்கிறான்.

"அண்ணே, இங்கனயே இருந்துருங்க. பழக்குறதுக்கு ஆள் இல்ல. ஆனா சர்ட்டிபிகேட் வேணும். அது இல்லாம உங்களைத் தண்ணியில இறக்குனா என் வேலை போயிரும்."

சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு பரீட்சை. பலத்த காற்று அடிக்கிற நாளில், கடலில் மிதக்கிற ஆரஞ்சு நிற மிதவையை மூன்று முறை சுற்றி வரவேண்டும். விழலாம். ஆனால் தானாகவே எழுந்து ஓட்டி வரவேண்டும். படகு போய்த் தூக்கிவந்தால் ஃபெயில். சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்து பார்ப்பார்கள். நாள், ஆவணி பிறந்து முதல் வியாழக்கிழமை. தாஹா திரும்பிப் போக வேண்டிய டிக்கெட் அதற்கடுத்த சனிக்கிழமை. சனிக்கிழமை ஏறாவிட்டால் விசா செத்துவிடும். பரீட்சையில் தோற்றுவிட்டு விசாவையும் விட்டால் ஊரில் அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அடுத்த பரீட்சை மறு வருஷ ஆடியில்.

இதை அவன் ரம்ஜான் பீவியிடம் சொன்னபோது நானும் இருந்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றாள்.

"மத்தியானம், லுஹருக்குப் பொறவு."

"சரி, சாப்பாட்டை முன்னாடியே ஆக்கிருறேன்."

அவ்வளவுதான் பேச்சு. நூல் மட்டும் நாலாவது தடவைதான் ஊசிக்குள் போனது.

பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது அருள்முருகன் வீட்டுக்கு வந்தான். முகம் சரியில்லை. தோப்பில் இருந்த ஒரே சின்னப் பாய் வெயிலில் மக்கிக் கிழிந்துவிட்டது. புதியது கப்பலில் வந்து தூத்துக்குடியில் கிடக்கிறது, எப்போது கையில் கிடைக்கும் என்று தெரியாது. அடிப்பக்கம் கிழிந்த ஐந்தரை மீட்டர்ப் பாய் ஒன்று இருக்கிறது. அதை மூன்றரையாகக் குறைத்துத் தைக்க முடியுமா என்று கேட்டான். கம்பம் நுழைகிற பக்கத்தைத் தொடக்கூடாது. மற்ற பக்கங்களில் மார்க்கரால் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, இந்தக் கோடுதான் அளவு. கோட்டுக்கு வெளிய இருக்குறது வேண்டாம்."

ரம்ஜான் பீவி பாயைத் தரையில் விரித்தாள். பாதி கெட்டித் துணி, பாதி கண்ணாடிபோலத் தெரிகிற பிளாஸ்டிக். முழங்காலிட்டு ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இடுப்பு எங்க இருக்கு இதுல?" என்று கேட்டாள்.

கைப்பிடிக் கம்பி பொருந்துகிற இடத்தை அருள்முருகன் காட்டினான். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

மூன்று நாள் தைத்தாள். பதினெட்டாம் நம்பர் ஊசி ஐந்து உடைந்தது. மெஷின் சத்தம் எனக்குப் புதிதாக இருந்தது. சட்டையும் இல்லை, பாவாடையும் இல்லை. சனிக்கிழமை பாய் தயார். கோட்டுக்குக் கோடு, முடி அளவு பிசகில்லை. அருள்முருகன் டேப்பை வைத்து அளந்துவிட்டு, "மூணரை. அச்சு அசல்" என்றான். கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்றும் சொன்னான். கெட்டித் தையல் போட்டால் கனம் இருக்கும்தானே என்று நாங்கள் சொன்னோம். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காற்று நன்றாகப் பிடித்தது. தாஹா அந்தப் பாயோடு இறங்கிப் பார்த்தான். நானும் ரம்ஜான் பீவியும் தென்னை நிழலில் நின்றோம். ஆபத்துக்குப் போகிற மோட்டார் படகு கூத்தையாவுடையது. அவர் தாஹாவோடு ஒன்றாகப் படித்தவர், மீன்பிடி இல்லாத நாளில் இந்த வேலைக்கு வருவார்.

"ஏலே தாஹா, இந்தக் காத்துக்குப் பயந்து நாங்களே வலைக்குப் போகல. நீ என்னடான்னா ஜன்னல் தெரைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்ட."

"கூத்தையா, நீ படகுல டீசல் இருக்கான்னு பாரு."

"உனக்காகத்தாம்ல நேத்தே ரொப்பி வச்சிருக்கேன்."

மார்பளவு தண்ணீர் வரும்வரை பலகையைத் தள்ளிக்கொண்டு நடந்தான். ஏறினான். பாய் காற்றைப் பிடித்தது. பத்து எண்ணுவதற்குள் பலகை தண்ணீரை விட்டு மேலே வந்தது. ரம்ஜான் பீவி வாய்க்குள் ஏதோ ஓதினாள். மிதவையை ஒரு சுற்று வந்தான். இரண்டாவது சுற்றில் திரும்பும்போது விழுந்தான்.

விழுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. தண்ணீரில் கிடந்தபடியே பாயின் ஒரு முனையைத் தூக்கினால், காற்று அடியில் புகுந்து பாயையும் ஆளையும் சேர்த்து எழுப்பிவிடும். தாஹா முனையைத் தூக்கினான். பாய் எழவில்லை. ஈரச் சாக்கு மாதிரி மறுபடியும் படுத்துக்கொண்டது. மறுபடி தூக்கினான். ஒன்பது தடவை எண்ணினேன். கச்சான் கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவன் தலை சின்னதாகிக்கொண்டே போனது. கூத்தையா படகை எடுத்தார்.

அரை மணி நேரம் கழித்து இரண்டு பேரும் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மச்சான் யாழ்ப்பாணத்துல கரையேறியிருப்பான்," என்றார் கூத்தையா. "அங்கன விசா கேப்பாங்கல்ல, சும்மா விடமாட்டாங்க. அதான் கூட்டியாந்துட்டேன்."

தாஹா சிரிக்கவில்லை. "கை விட்டுப்போச்சு லாத்தா. வயசாயிருச்சுபோல. பொம்பளப் பிள்ளைக தூக்குற பாய என்னால தூக்க முடியல," என்று அக்காவான என்னிடம் சொன்னான். வீட்டுக்குப் போனதும் பரண் மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினான். ரம்ஜான் பீவி பயணத்துக்காக இரண்டு பேண்ட் தைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அதைப் பெட்டியில் வைத்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாயைப் பின்பக்கக் கொடியில் காயப்போட்டிருந்தோம். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நான் அந்தப் பக்கம் போனேன். அந்தக் காற்றுக்குப் போர்வையே பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். ஆனால் பாயின் கீழ் முனையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே வைத்த கோழித் தண்ணிச் சட்டி நிரம்பி வழிந்தது. கோழி வந்து குடித்துப் பார்த்துவிட்டு, உப்பு என்று போய்விட்டது.

நான் ஓரத்தை அமுக்கினேன். உள்ளே களக்களக்கென்றது.

"ரம்ஜான், இங்கன வா புள்ள. இதுக்குள்ள என்ன வச்சுத் தச்சிருக்க?"

வந்து பார்த்தாள். "என்ன வப்பாங்க மச்சி? மடிப்புதான்." நாத்தனாரான என்னை அவள் மச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன மடிப்பு?"

"கோட்டுக்கு வெளிய உள்ளதுதான். உள்ள மடிச்சுத் தச்சிருக்கேன்."

சத்தம் கேட்டுத் தாஹா வந்தான். மடிப்பை விரலால் அளந்தான். கீழ்ப்பக்கம் ஒன்றரைச் சாண், பின்பக்கம் ஒரு சாண். வெட்டாமல், ஒரு நூல்கூட வீணாக்காமல், சுற்றிலும் பை மாதிரி மடித்திருந்தாள். முனையில் விரல் நுழைகிற இடைவெளி. விழுந்தால் அது வழியே தண்ணீர் உள்ளே போகும். வெளியே வர மனசு வராது.

"வெட்டச் சொன்னான்ல புள்ள அந்தப் பையன்?"

"கோடு போட்டுத்தானே குடுத்தாக? கோடுன்னா தையல் போற எடம். எந்த ஊர்ல கோட்டு மேல கத்திரி வப்பாக?"

தையல்காரர்கள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். சாக் கோடு தையலுக்கு, வெட்டுவது அதற்கு வெளியே. அவள் வெளியேயும் வெட்டவில்லை, அவ்வளவுதான்.

"சரி, ஒரு விரல் விட்டுட்டு மிச்சத்த வெட்டியிருக்கலாம்ல. எதுக்கு இம்புட்டையும் மடிச்சு வச்சிருக்க? இது என்ன ஆறாப்புப் படிக்கிற பிள்ளையா? அடுத்த வருசம் வளருமா?"

"அது வளராதுங்க. காத்து கொறையும்ல? அப்ப ஒரு சாண் பிரிச்சு விட்டுக்கலாம்ல? ஒரே பாயி, எல்லாக் காத்துக்கும் ஆகும்."

யோசித்துப் பார்த்தால் அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. கடலுக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

"அப்ப உங்க கையில ஒண்ணும் இல்லல்ல?" என்றாள் அவள்.

"என் கை நல்லாத்தான் இருக்கு. மூணு கொடம் தண்ணியத் தூக்கியிருக்கேன்."

அன்று அவள் வெட்டவில்லை. பாயைக் கூடத்தில் விரித்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தாள். வெட்டினால் ஒட்ட முடியாது. தப்பாக வெட்டினால் வேறு பாய் கிடையாது. அதோடு, நல்ல துணி. என்னிடம் வந்து, "மச்சி, இத வெட்டுனா வீண்விரயத்துல சேருமா?" என்று கேட்டாள்.

எனக்கு மார்க்கத்தில் அவ்வளவு இல்மு, படிப்பு, கிடையாது. "வேணுங்கிறதுக்கு வெட்டுனா வீணாகாதுன்னுதான் நெனைக்கிறேன்," என்றேன்.

"இது வேணுந்தானே?"

"அத நீதான் சொல்லணும்."

புதன்கிழமை விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு, பிஸ்மி சொல்லிக் கத்திரியை எடுத்தாள். முதலில் மடிப்பு முழுவதையும் பிரித்தாள். கோட்டுக்கு வெளியே ஒரு விரல் விட்டாள். வெட்டத் தொடங்கினாள். துணியில் கத்திரி போகிற சத்தத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து அவ்வளவு நீளமாக அந்தச் சத்தம் வந்ததில்லை. இடையில் இரண்டு முறை நின்றது. பிறகு மெஷின் ஓடியது. முற்பகல் ளுஹாத் தொழுகை நேரத்துக்குள் முடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை காற்று மணிக்கு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் என்று அருள்முருகன் ஒரு கருவியைப் பார்த்துச் சொன்னான். கருவி இல்லாமலே தெரிந்தது. தோப்பில் தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. சென்னையிலிருந்து வந்த இரண்டு பேர் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். இரண்டு பேரிடமும் வெளிநாட்டுப் பாய், புத்தம் புதியது. தாஹாவுக்கு நாற்பத்து நாலு வயது. தலையில் பாதி நரை.

ரம்ஜான் பீவி கையில் ஊசியும் நைலான் நூலும் எடுத்து வந்திருந்தாள்.

"அது என்னத்துக்கு?" என்றேன்.

"இருக்கட்டும் மச்சி."

முதலில் போன பையன் மூன்று சுற்றும் சுற்றி வந்தான். அடுத்தவன் முதல் சுற்றிலேயே விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, கடைசியில் கையை ஆட்டினான். கூத்தையா போய்த் தூக்கி வந்தார். "தொவச்சிட்டுக் காயப்போடாத துணி மாதிரி கெடந்தாப்ல," என்று கரையில் எல்லாருக்கும் சொன்னார்.

பிறகு தாஹா இறங்கினான். முதல் சுற்று சுத்தம். பாய் காற்றில் விறைத்து நின்றது. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரம்ஜான் பீவி வேறு எங்கோ பார்த்தாள்.

"தம்பியப் பாரு புள்ள."

"நான் அவுகளப் பாக்கல மச்சி. அடி முனைத் தையலப் பாக்குறேன்."

இரண்டாவது சுற்றில், செவ்வாய்க்கிழமை விழுந்த அதே இடத்தில், மிதவையைத் திரும்பும்போது விழுந்தான். கூத்தையா எழுந்து படகின் கயிற்றைக் கையில் எடுத்தார்.

"உக்காருங்க கூத்தையாண்ணே," என்றாள் ரம்ஜான் பீவி. அவ்வளவு சத்தமாக அவள் ஆண்களிடம் பேசி நான் கேட்டதில்லை. கூத்தையா உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீருக்குள்ளிருந்து பாயின் முனை ஒன்று வெளியே வந்தது. ஒரு நொடி அப்படியே நின்றது. ஓரத்திலிருந்து தண்ணீர் முழுதும் வழிந்து விழுந்தது. அடுத்த நொடி காற்று அடியில் புகுந்து, பாயும் தாஹாவும் ஒன்றாக எழுந்தார்கள். பலகை சறுக்கியது, வேகம் பிடித்தது, தண்ணீரை விட்டு மேலே வந்தது. மூன்றாவது சுற்றில் இன்னொரு தடவையும் விழுந்தான். அப்போதும் கூத்தையா எழவில்லை. அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பீடி பற்றவைக்க முயன்றார். அந்தக் காற்றில் எப்படிப் பற்றும்?

தாஹா கரைக்கு வந்ததும் சென்னைக்காரர்களில் ஒருவர் பாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத் தையலை நகத்தால் நெம்பினார். அசையவில்லை.

"இது எங்க தைச்சது?"

"எங்க வீட்டுலதான் சார்," என்றான் தாஹா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அவர் ரம்ஜான் பீவியைப் பார்த்தார். "நீங்க பாய் தைக்கிறவங்களா?"

"இல்லைங்க. மூணு ஸ்கூலுக்குத் தைக்கிறேன்," என்றாள்.

அவர் அதையும் தாளில் எழுதிக்கொண்டதுபோல இருந்தது. எழுதி முடித்து, தாஹாவிடம் கை கொடுத்து, "பாஸ்," என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ரம்ஜான் பீவி ஊசியிலிருந்து நூலை உருவி, கட்டையில் சுற்றி, பைக்குள் போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது சோறு ஆறியிருந்தது. தாஹா சாப்பிட்டான். பெட்டி இன்னும் கூடத்தில் அப்படியே இருந்தது. அவள் அதைத் திறந்து அந்த இரண்டு பேண்டையும் வெளியே எடுத்தாள். தாஹா ஒவ்வொரு தடவை லீவில் வரும்போதும் இடுப்பு பெருத்துத்தான் வருவான், ஓட்டல் சாப்பாடு. அதனால் பயணத்துக்குத் தைக்கிற பேண்டில் எப்போதும் பின்பக்கம் நாலு விரல் மடித்து விடுவாள். அங்கே போய்ப் பிரித்துக்கொள்வான்.

"எந்திரிங்க," என்றாள். டேப்பை அவன் இடுப்பில் சுற்றினாள். முப்பத்து நாலு.

மெஷினில் போய் உட்கார்ந்து, மடிப்பைப் பிரித்து, கத்திரியை எடுத்தாள். இந்த முறை நிற்கவில்லை. இரண்டு பேண்டிலும் நாலு விரலையும் வெட்டினாள்.

"என்ன புள்ள செய்ற? நாளைக்கி குண்டாயிட்டா?" என்றான் தாஹா.

"ஆக மாட்டீக. இங்கன நான்தானே சமைக்கிறேன்."

வெட்டிய துண்டுகளை உதறி, வட்டத் துண்டுகள் இருந்த பையில் போட்டாள். பாயிலிருந்து வெட்டிய கண்ணாடிப் பிளாஸ்டிக் நான் யாசீன் ஓதுகிற கிதாபுக்கு அட்டையாக இருக்கிறது. மழை பெய்தாலும் நனையாது.